ஏழாவது எழுத்து

எல்லோருக்கும் முதலில் எழுதப்படுவது தலையெழுத்து.
நான் எழுதுவது கடைசி எழுத்து,
ஏழாவது.
டுலூத் நகரில், மருத்துவமனைக்குப் பின்கட்டடத்தில்,
கார்கள் பனி மூடி நிற்பதைப் பார்த்த ஜன்னலோரம்
மணிக்குப் பன்னிரண்டு கோப்புகள்.
குளிர்காலம் முழுக்க
விழுந்தவர்களையே விழுந்து விழுந்து படிக்கிற வேலை.

நவம்பரில் அவர் வந்தார்.
வந்தார் என்பது பழக்கதோஷம்,
வந்தது கோப்பு.
வயது எழுபத்து நான்கு. இடது மணிக்கட்டு முறிவு.
நாற்காலியிலிருந்து விழுந்திருக்கிறார்.
எதற்கு ஏறினார் என்று
மருத்துவர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்:
புகை அலாரத்துக்கு பேட்டரி மாற்ற.

நாற்காலி என்றால் டபிள்யூ, சுழியம், ஏழு.
அதன் பின் மூன்று எக்ஸ்.
சொல்ல ஒன்றுமில்லாத மூன்று இடங்கள்.
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
கடைசியில் ஏ.
ஏ என்றால் முதல் வருகை என்று நினைத்து
ஆரம்பத்தில் மூன்று மாதம் தப்பாகவே போட்டேன்.
மருத்துவம் இன்னும் நடக்கிறது என்று பொருள்.
எத்தனையாவது முறை வந்தாலும் சரி.

விழுந்த இடத்துக்கும் ஓர் எண் உண்டு,
தனி வீடு, சமையலறை.
அதை ஒரே ஒரு முறைதான் எழுதலாம்.
அடுத்த வருகையில் சமையலறை கிடையாது.
அது அவரோடு
வீட்டிலேயே இருந்துகொள்ளும்.

டிசம்பரில் டி.
ஆறி வருகிறது.
'பெரிதாக வலியில்லை' என்கிறார் நோயாளி.
கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஆள்.
மீசை உண்டா, தெரியாது.
அதற்குக் கோப்பில் இடமில்லை.

ஜனவரியில் ஜி.
எலும்பு தாமதிக்கிறது.
ஏரியிலிருந்து ஆவி எழும்பி
பாலத்தின் பாதியைத் தின்றுவிட்ட காலை.
குறிப்பின் அடியில்:
தனியாக இருக்கிறார். தூக்கம் குறைவு.
அலாரம் இன்னும் கத்துகிறதாம்,
நாற்பது நொடிக்கு ஒரு தடவை.

கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.
நாளுக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபது.

தனியாக வாழ்வதால் வரும் சிக்கலுக்கு
ஓர் எண் இருக்கிறது. சேர்த்தேன்.
மறுநாளே திரும்பி வந்தது.
தணிக்கை செய்யும் டார்லீன் எழுதியிருந்தாள்:
'தனியாக இருப்பது சிக்கல் ஆகாது,
சிக்கல் என்று மருத்துவர் சொல்ல வேண்டும்.
இல்லையென்றால் எனக்கும் போட வேண்டியிருக்கும்.'
பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

விதி அவள் பக்கம்.
மருத்துவருக்குக் கேள்வி அனுப்பினேன்.
கேள்வியிலேயே பதில் ஒளிந்திருக்கக் கூடாது,
அதற்கும் விதி உண்டு.
அலாரம் என்ற சொல்லை எடுத்தேன்.
தூக்கம் என்ற சொல்லையும் எடுத்தேன்.
மிச்சமிருந்ததை
எந்த மனிதனைப் பற்றியும் யாரும் கேட்கலாம்.
பதில் வரவில்லை.

மதியம், மைக்ரோவேவ் முன்னால் நிற்கையில்
டார்லீனைக் கேட்டேன்,
உன் வீட்டு அலாரத்துக்கு யார் பேட்டரி மாற்றுவார்கள்?
'துடைப்பக் கட்டையால் ஒரு தட்டு' என்றாள்.
சூப்பைக் கிளறினாள்.
கொஞ்சம் கழித்து,
'இரண்டு தட்டு.'

மார்ச்சில் மறுபடியும் டி.
எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்குகின்றன,
ஆறு வாரம் கழித்து வரவும்.
மூன்றே வரி.
அலாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
மேலிருந்து கீழே இரண்டு தரம் படித்தேன்,
அந்த மணிக்குப் பதினோரு கோப்புதான் தேறியது.

யாரோ ஏறி மாற்றிக் கொடுத்திருக்கலாம்.
அவருக்கே அது கேட்காமல் போயிருக்கலாம்.
மருத்துவர் கேட்க மறந்திருக்கலாம்.

டபிள்யூ, சுழியம், ஏழு.
எக்ஸ்.
எக்ஸ்.
எக்ஸ்.
டி.